அண்டா நிறைந்த அன்றைக்கு

காலாண்டு லீவுக்குப் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் காரைக்குடி வந்திருந்தார்கள். பல் விளக்கி முடிக்கும்வரை குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். சொல்லிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். "மோட்டார் போட்டா வந்துரும் அப்பத்தா" என்றான் பெரியவன். எனக்குச் சுருக்கென்றது. ஊருணித் தண்ணீரை இடுப்பில் சுமந்தவள் நான்.

ஒரு சாயங்காலம் நல்ல மழை. எங்களுடையது பழைய வளவு வீடு. நாலு பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்தைப் பார்த்துத்தான் சாயும். பித்தளை அண்டாவை இறக்கி, தண்ணீர் கொட்டுகிற மூலையில் வைத்தேன். அடுத்து குடம், வாளி, கடைசியில் இட்லிச் சட்டிகூட. பிள்ளைகள் நனைந்து கூத்தடித்தார்கள். (மருமகள் முறைத்தது தனிக்கதை.)

பெரியவனுக்குக் கணக்கு பிடிக்கும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் என்றேன். உடனே டேப் எடுத்து, ஓட்டுக்குக் கீழே தரையை அளந்தான். சுமார் 60 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழைக்கு 1200 லிட்டர்! அவனே மலைத்துப்போனான்.

"அண்டாத் தண்ணி உங்களுது. செடிக்கு, வாசல் தெளிக்க எல்லாம் நீங்கதான் அளந்து தரணும்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், சின்னவள் மூடி போட்டுக் காவல் இருந்தாள். மூன்றாம் நாள் நான் பாத்திரம் கழுவும்போது, "குழாயை மூடு அப்பத்தா!" என்று அதட்டல்.

பெரியவன் குளியல் மட்டும் இன்னும் அரை மணி நேரம்தான்.