லென்ஸில் துணி படுவதற்கு முன்னால்

கேமரா வாங்கிய எல்லாருக்கும் லென்ஸில் முதல் கைரேகை விழும் நாள் ஒன்று வரும். உடனே கை தானாகச் சட்டை நுனிக்குப் போகும். போக விடாதீர்கள். கைரேகை எங்கும் ஓடிவிடாது, அப்புறம் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். சட்டையில் ஒட்டியிருந்த மணல் துணுக்கு போட்ட கீறலை மட்டும் எந்தத் திரவத்தாலும் எடுக்க முடியாது.

இந்த வேலைக்குப் பெரிய கைத்திறன் எதுவும் வேண்டாம், வரிசை தவறாமல் இருந்தால் போதும். முதலில் காற்று, பிறகு பிரஷ், கடைசியில்தான் ஈரம். ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், நீங்கள் தொடுவது வெறும் கண்ணாடியை அல்ல, அதன் மேல் இருக்கும் கோட்டிங்கை, அதாவது மெல்லிய பூச்சை. பூச்சு இல்லாத கண்ணாடி தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு ஜூம் லென்ஸுக்குள் பத்துப் பதினைந்து கண்ணாடிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் என்று கணக்குப் போட்டால் படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் பூச்சு. ஒற்றைப் பூச்சாகப் போடப்படும் மெக்னீசியம் ஃபுளோரைடு சுமார் 100 நானோமீட்டர் கனம்தான் இருக்கும். அதற்காக அது தொட்டால் உரிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், நல்ல உறுதியானதுதான். ஆனால் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. லென்ஸ் கண்ணாடியும் பூச்சும் அதற்குக் கீழே. நடுவில் ஒரே ஒரு துகள் மாட்டினாலும் போதும், கையில் இருப்பது மைக்ரோஃபைபர் துணி இல்லை, உப்புத்தாள்.

துடைக்கத்தான் வேண்டுமா?

முன் கண்ணாடியில் நாலைந்து தூசி இருந்தால் படத்தில் தெரியவே தெரியாது. அவ்வளவு கிட்டத்தில் இருப்பது ஃபோகஸுக்குள் வராது. படத்தில் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி திரும்பத் திரும்ப வருகிறது என்று லென்ஸைத் தேய்க்க ஆரம்பிப்பவர்கள் நிறையப் பேர். முதலில் அபர்ச்சரை (ஒளி நுழையும் துவாரத்தை) எஃப்/16 வைத்து வெளிர் வானத்தை ஒரு படம் எடுங்கள், லென்ஸை மாற்றி இன்னொன்று எடுங்கள். புள்ளி அதே இடத்தில் நின்றால் தூசி இருப்பது சென்சாரில், அது வேறு வேலை.

துடைக்க வேண்டியவை கைரேகை, எண்ணெய்ப்பசை, காய்ந்த நீர்த்துளித் தடம், உப்பு. இவை எதிர்வெளிச்சத்தில் படத்தை வெளிற வைக்கும், விளக்குகளைச் சுற்றிப் புகைபோல் பரவும். மற்றதெல்லாம் ஊதினால் போய்விடும், அல்லது இருந்துவிட்டுப் போகட்டும். தினம் துடைக்கும் ஆளின் லென்ஸைவிட எப்போதாவது துடைக்கும் ஆளின் லென்ஸ்தான் நன்றாக இருக்கும் என்பது என் அனுபவம்.

வாங்க வேண்டியவை

ப்ளோயர், அதாவது அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் பந்து, பெரியதாக வாங்குங்கள். பையில் அடங்குகிறதே என்று உள்ளங்கைக்குள் ஒளியும் சின்னது வாங்கினால் அதில் விசையே இருக்காது. காற்றைப் பின்பக்க வால்வு வழியாக இழுக்கும் வகை நல்லது, ஜியோட்டோஸ் ராக்கெட் எனக்குப் பிடித்திருப்பது அதனால்தான். நுனி வழியாகவே காற்றை உள்ளே இழுக்கும் ப்ளோயர், இப்போது கிளப்பிய தூசியை உறிஞ்சி அடுத்த அமுக்கலில் அதையே திருப்பித் துப்பும். கம்ப்யூட்டருக்கு அடிக்கும் ஏர் கேன் வேண்டவே வேண்டாம், கொஞ்சம் சாய்த்தாலே உள்ளே இருக்கும் திரவம் சில்லென்று கண்ணாடியில் தெறித்துத் தடம் போடும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், சொல்ல வேண்டியதில்லை.

மென்மையான பிரஷ் ஒன்று. அதன் முடியை விரலால் நீவிப் பார்க்காதீர்கள், விரல் எண்ணெய் ஏறிவிட்டால் அது தூசி எடுக்கும் பிரஷ் இல்லை, எண்ணெய் பூசும் பிரஷ். பேனா வடிவில் வரும் லென்ஸ்பென் பற்றி எனக்கு இரண்டு மனது. கார்பன் தடவிய அந்த முனை ஒற்றைக் கைரேகையை அழகாக எடுத்துவிடும், வெளியே போகும்போது வசதி. ஆனால் வீட்டில் இருக்கும்போது அதை நான் தொடுவதில்லை, முனையில் ஒரு துகள் சிக்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் காரணம். ஈரமான லென்ஸில் அதை வைக்கவே கூடாது.

திரவத்துக்கு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்த லென்ஸ் கிளீனர் போதும். ஜன்னல் துடைக்கும் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கும், அசிட்டோன் பிளாஸ்டிக் பாகங்களைக் கரைக்கும், இரண்டும் வேண்டாம். சானிடைசரிலும் ஆல்கஹால்தானே இருக்கிறது என்று கேட்டால், ஆமாம், கூடவே கை காயாமல் இருக்கக் கிளிசரினும் இருக்கிறது, அது லென்ஸில் படலமாகத் தங்கும். முகம் துடைக்கும் டிஷ்யூ பேப்பரும் வேண்டாம். லென்ஸ் டிஷ்யூ என்றே விற்பதை வாங்குங்கள், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுங்கள்.

படி 1: ஊதுவது

லென்ஸைத் தரையைப் பார்க்கப் பிடித்துக் கீழிருந்து ஊதுங்கள், கிளம்பும் தூசி திரும்ப உட்காராமல் கீழே போகும். அதற்கு முன் ப்ளோயரை வெறும் காற்றில் இரண்டு தடவை அமுக்கி விடுங்கள், நுனியில் தங்கியது வெளியே போகட்டும். நுனி கண்ணாடியில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: பிரஷ்

நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தாமல். கண்ணாடி வளையத்தோடு சேரும் விளிம்பில்தான் மணல் பதுங்கும், அங்கே ஒரு சுற்று கூடுதலாகப் போடுங்கள். மறுபடி ஊதுங்கள்.

படி 3: ஈரம்

திரவத்தை டிஷ்யூவில் விடுங்கள், லென்ஸில் விடாதீர்கள். கண்ணாடியில் நேராக விழும் சொட்டு விளிம்புக்கு ஓடி, அந்த மெல்லிய இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்பட்டுவிடும். உள்ளே போனதைத் துடைக்க லென்ஸைப் பிரிக்க வேண்டியிருக்கும். டிஷ்யூவை நாலாக மடித்து ஒன்றிரண்டு சொட்டு, நடுவில் ஆரம்பித்து வட்டமாக விளிம்புவரை. அழுத்தம் அந்த டிஷ்யூவின் எடை அளவுக்கு இருந்தால் போதும்.

இனி வருவதுதான் என்னை ரொம்ப நாள் சுற்ற விட்ட இடம். துடைத்து முடித்தபின் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கைரேகையின் கோடுகள் போயிருக்கும், ஆனால் அந்த இடத்தில் லேசான வானவில் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். மறுபடி துடைத்தால் அது போகாது, டிஷ்யூ போன திசையில் வளைந்து வேறு இடத்துக்கு நகரும். மூன்றாம் முறை துடைத்தால் இன்னும் அகலமாகும். இன்னும் நல்ல திரவம் வாங்க வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். திரவத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆல்கஹால் எண்ணெயைக் கரைக்கிறது, அவ்வளவுதான், அதை மறையச் செய்வதில்லை. கரைந்த எண்ணெயை எதுவும் உறிஞ்சி எடுக்காவிட்டால், ஆல்கஹால் ஆவியானதும் எண்ணெய் திரும்பக் கண்ணாடியிலேயே படியும், இந்த முறை பரவலாக. அதனால் டிஷ்யூவின் ஒரு மடிப்பில் ஒரு சுற்று, அடுத்த சுற்றுக்கு அதைத் திருப்பிப் புதுப் பக்கம், நாலு பக்கமும் தீர்ந்தால் புது டிஷ்யூ. இன்னொரு விஷயம், ஈரம் முழுக்கக் காயும்வரை காத்திருக்காமல், லேசாக மங்கல் இருக்கும்போதே உலர்ந்த டிஷ்யூவால் ஒரு சுற்று எடுத்துவிடுங்கள். திரவம் அதிகமாக விட்டால் இது நடக்காது, ஓரத்தில் வட்டத் தடமாகக் காயும். இதெல்லாம் செய்தும் படலம் நகர்ந்துகொண்டே இருந்தால், டிஷ்யூவோடு மைக்ரோஃபைபர் துணியும் பயன்படுத்துபவர் என்றால் அந்தத் துணியைச் சந்தேகப்படுங்கள், பெரும்பாலும் எண்ணெய் வருவது அதிலிருந்துதான்.

கடல் உப்பு தனிக் கதை

கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் லென்ஸில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும், அவை உப்புப் படிகங்கள். இங்கே லென்ஸ் கிளீனர் உதவாது, ஆல்கஹாலில் உப்பு கரைவது மிகக் குறைவு. தண்ணீரில் சட்டென்று கரையும். நன்றாக ஊதிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூவை அந்தப் புள்ளிகள் மேல் சும்மா வைத்து எடுங்கள். தேய்க்காமல் ஒற்றி ஒற்றி, ஒவ்வொரு தடவையும் புதுப் பக்கம். உப்பு போன பிறகுதான் கிளீனர்.

பின் கண்ணாடி

மவுண்ட் பக்கம், அதாவது கேமராவில் மாட்டும் பக்கம் இருக்கும் கண்ணாடியில் கூடுதல் கவனம் வேண்டும். சென்சாருக்குப் போகும் ஒளி அங்கே குறுகி வருவதால், முன்பக்கம் தெரியாத அதே கறை இங்கே இருந்தால் படத்தில் தெரிந்துவிடும். முறை ஒன்றுதான், ஆனால் மவுண்டில் இருக்கும் பொன்னிறத் தொடுமுனைகளில் திரவம் படாமல் பாருங்கள். லென்ஸ் உள்ளே நூல்நூலாக, சிலந்தி வலை மாதிரி கிளைத்திருந்தால் அது பூஞ்சை. வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். வராமல் இருக்க, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி டிரை கேபினெட்டிலோ, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவிலோ வையுங்கள்.

பிறகு சேர்த்தவை

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் பனி பிடித்துக்கொள்கிறது, துடைத்தால் உடனே மறுபடி பிடிக்கிறது என்று கேட்டிருந்தார்கள். அதைத் துடைக்கவே வேண்டாம், குளிர்ந்த கண்ணாடியில் காற்றின் ஈரம் படிகிறது, லென்ஸ் சூடேறினால் தானாகப் போய்விடும். கிளம்பும் முன்பே கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து அரைமணி நேரம் கழித்துத் திறந்தால் பனி கவரின் மேல்தான் படியும்.

புது லென்ஸ்கள் சிலவற்றில் முன் கண்ணாடியில் ஃபுளோரின் பூச்சு இருக்கும். தண்ணீரும் எண்ணெயும் அதில் ஒட்டாமல் உருண்டுபோகும், பல நேரம் திரவமே தேவைப்படாது. ஆனால் மணலுக்கு அந்தச் சலுகை இல்லை, ஊதிவிட்டே துடையுங்கள்.

மைக்ரோஃபைபர் துணியை எப்படித் துவைப்பது என்பதும் நிறையப் பேர் கேட்டது. மிதமான சோப்பு, நிறையத் தண்ணீர். துணி மென்மையாக ஊற்றுவோமே, அந்த ஃபேப்ரிக் சாஃப்ட்னர் மட்டும் கூடாது, அது இழைகளில் படிந்து லென்ஸுக்கு வந்து சேரும், மேலே சொன்ன வானவில் படலத்துக்கு அதுவும் ஒரு காரணம். காய்ந்ததும் உதறி ஜிப் கவருக்குள் வையுங்கள். கீழே விழுந்த துணியைத் துவைக்காமல் லென்ஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதை லென்ஸ் முன்னால் மாட்டும் ஹூட்டைத் துடைக்க வைத்துக்கொள்ளலாம்.