மொய் நோட்டிலிருந்து முப்பாட்டன் வரை: குடும்ப மரம் வரையத் தொடங்குபவர்களுக்கு

நம் வீடுகளில் பெரும்பாலும் யாரும் வம்சாவளி எழுதி வைக்கவில்லை. ஆனால் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். யார் எவ்வளவு மொய் செய்தார்கள், கோவிலுக்கு எத்தனை தலைக்கட்டு (குடும்பம்) வரி கொடுத்தது, எந்த வயல் யார் பங்குக்குப் போனது என்று எல்லாவற்றுக்கும் ஒரு தாள் இருக்கும். பணமும் நிலமும் போன வழியிலேயே போனால் ஆட்கள் கிடைப்பார்கள். டிஎன்ஏ சோதனை, வெளிநாட்டு இணையதளம் எல்லாம் அப்புறம். முதலில் பரணில் ஏறுங்கள்.

படி 1: தெரிந்ததை எழுதுங்கள்

நீங்கள், பெற்றோர் 2 பேர், அவர்களின் பெற்றோர் 4 பேர், அதற்கு மேலே 8 பேர். அந்த எட்டில்தான் பலர் முட்டி நிற்பார்கள், முக்கியமாகப் பாட்டிகளின் அம்மாக்கள் பெயரில். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுங்கள். பேரன் என்பதே பெயரன்தான். ஒன்று விட்ட தலைமுறைக்கு அதே பெயர் திரும்ப வரும். நான் எண் போடாமல் தொடங்கி, தாத்தாவையும் அவருடைய தாத்தாவையும் ஒரே ஆளாக்கிவிட்டேன். கணக்குப் பார்த்தால் மனிதருக்கு 130 வயது.

படி 2: பெரியவர்களிடம் வருஷம் கேட்காதீர்கள்

“அப்பத்தா, எந்த வருஷம் பிறந்தீங்க?” என்றால் பதில் வராது. “தனுஷ்கோடி புயல் அடிச்சப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேளுங்கள். “கையில பிள்ளை இருந்துச்சே” என்பார். புயல் 1964 டிசம்பர். பிள்ளை யார் என்று கேட்டால், பெரியப்பா பிறந்த காலமும் சேர்ந்தே கிடைத்துவிடும்.

தமிழ் வருடப் பெயர் வந்தால் கவனம். 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் சுற்றி வரும். தாது வருடம் 1876, 1936, 1996 மூன்றிலும் தொடங்கியது. “தாது வருஷப் பஞ்சத்துல இந்த ஊருக்கு வந்தோம்” என்றால் 1876-ல் தொடங்கிய பஞ்சம். இன்னொரு வழுக்கல், தமிழ் வருடம் சித்திரையில் பிறப்பது. சுபானு 1943 ஏப்ரலில் தொடங்கியது. ஆனால் பழைய ஜாதகத்தில் “சுபானு வருடம் மாசி மாதம்” என்று இருந்தால் அது 1944 பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும்.

படி 3: மொய் நோட்டு

எனக்குப் பிடித்த ஆவணம் இதுதான். ஊர், பெயர், தொகை என்று மூன்றே பத்தி. எங்கள் பக்கம் தாய்மாமன் மொய்தான் முதலில் எழுதுவார்கள். ஆக, பிள்ளையார் சுழிக்குக் கீழே இருக்கும் முதல் வரியே அம்மா வழியைக் காட்டிவிடும். அப்பா வழியை மட்டும் எழுதி நிறுத்துகிறவர்கள் பாதி மரத்தைத்தான் வரைகிறார்கள் என்று நான் சண்டை போடுவதே இந்த வரியை வைத்துத்தான்.

எல்லாப் பெயரையும் ஊர் வாரியாகப் பிரியுங்கள். ஒரே ஊரிலிருந்து ஐந்தாறு பேர் வந்திருந்தால், அங்கே ஒரு பாட்டி பிறந்திருக்கலாம் அல்லது ஓர் அத்தை வாழ்க்கைப்பட்டிருக்கலாம். வீட்டில் கேளுங்கள். அப்புறம் பழைய கல்யாணப் பத்திரிகைகளில் “இன்னாரின் பேரனும் இன்னாரின் மகனுமாகிய” வரியை ஒப்பிடுங்கள். கருமாதிப் பத்திரிகை இன்னும் நல்லது: இறந்த தேதி, மகன்கள், மகள்கள், மருமக்கள் எல்லாரும் ஒரே தாளில்.

படி 4: பத்திரங்கள்

பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். பங்கு பிரித்த அண்ணன் தம்பிகள் எல்லாரும் தகப்பனார் பெயரோடு இருப்பார்கள். சில பத்திரங்களில் சொத்து பாட்டனார் காலத்திலிருந்து எப்படி வந்தது என்றும் இருக்கும். நிலத்தின் நான்கு பக்கமும் யார் நிலம் என்று சொல்லும் நான்கெல்லை விவரத்தை வாசிக்காமல் விட்டுவிடாதீர்கள். “இன்னார் புஞ்சைக்கு மேற்கே” என்று வரும் அந்த இன்னார் பல சமயம் பங்காளிதான். ஒரே நிலத்தை அறுத்துப் பங்கு போட்டால் வேறு யார் பக்கத்தில் இருப்பார்கள்?

வீட்டில் பத்திரம் இல்லையென்றால் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். அதில் வரும் பத்திர எண்ணைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். கையெழுத்து புரியவில்லையா? வயதான பத்திர எழுத்தர் ஒருவரைப் பிடியுங்கள். தமிழ் எண்களையும் சேர்த்துக் கடகடவென்று வாசித்துவிடுவார்.

மற்ற வழிகள், சுருக்கமாக

கிறிஸ்தவக் குடும்பமானால் கோவிலின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். தர்ப்பணம் செய்யும் வீடானால் மூன்று தலைமுறைப் பெயர் வாயிலேயே இருக்கும். முன்னோர் யாராவது ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போயிருந்தால், 1860 முதல் 1911 வரை கப்பல் வாரியாக எழுதிய பதிவேடுகளில் தகப்பன் பெயர், ஜில்லா, கிராமம் எல்லாம் உண்டு. எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவை என்பதால், ஒரு பெயரைப் பத்து விதமாக எழுதித் தேடுங்கள்.

படி 5: குலதெய்வம் கோவில்

மாசி சிவராத்திரியோ பங்குனி உத்திரமோ, பங்காளிகள் கூடும் நாளில் போங்கள். வரி நோட்டு வைத்திருப்பவரிடம் பழைய நோட்டைக் கேளுங்கள். வரைந்த மரத்தின் பெரிய நகல் ஒன்றைக் கோவில் திண்ணையில் விரித்து வையுங்கள். பேனா வேண்டாம், பென்சிலும் ரப்பரும் போதும். இரண்டு பெரியப்பாக்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் மூத்தது யார் வீடு என்பதே அரை மணி நேரத்தில் மூன்று முறை மாறும்.