மீட்டர் பாக்ஸைத் திறக்கும் முன்: ஒரு வயர்மேனின் குளவிக் கணக்கு

சோழவந்தான் பக்கம் 19 வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். என் பையில் டெஸ்டர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப்போடு ஒரு 40 பக்க நோட்டும் இருக்கும். முன்பக்கம் வேலைக் கணக்கு. பின்பக்கம் குளவிக் கணக்கு.

மூணு வருஷத்துக்கு முன்னால் தென்கரையில் ஒரு வீடு. ஏணியில் ஏறி மீட்டர் பாக்ஸ் மூடியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒரு கூடு. இமையில் ஒன்று, கழுத்தில் இரண்டு என்று கொட்டிவிட்டது. பதறி நாலாவது படியிலிருந்து குதித்ததில் கணுக்கால் பிசகி, மூணு வாரம் வேலை இல்லை. அப்போது அந்த வீட்டு அக்கா சொன்னார்: “ஆமா தம்பி, ஒரு வாரமாவே அந்தப் பக்கம் போய் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.” எல்லார் கண்ணிலும் பட்டிருக்கிறது. யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நோட்டு போட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

உங்களுக்குத் தனி நோட்டு தேவையில்லை. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். தேதி, மணி, எந்த இடம், எத்தனை, வாயிலோ காலிலோ என்ன வைத்திருந்தது, எந்தப் பக்கம் போனது. ஒரு தடவை பார்த்தது சும்மா வழிப்போக்காக இருக்கலாம். சித்திரை வெயிலில் குழாயடிக்குத் தண்ணீர் குடிக்க வரும், போய்விடும். அதே மூலைக்கு மூணு நாள் வந்தால் அங்கே கூடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து இருபது அடி தள்ளி ஒரு நாற்காலி போட்டு, பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து, உள்ளே எத்தனை போகிறது, வெளியே எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று என்றால் கூடு இப்போதுதான் ஆரம்பம். இருபதைத் தாண்டினால் கிட்டப் போகாதீர்கள்.

என்ன கொண்டுவருகிறது என்பதில்தான் ஆள் யாரென்று தெரியும். குழாயடியில் ஈரமண்ணை உருட்டி எடுத்துப் போனால் மண்குளவி. பழைய மரக்கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தால் காகிதக் கூடு கட்டும் குளவி. மரத்தூளை எச்சிலில் மென்று குழைத்துத்தான் அந்தக் கூட்டைக் கட்டுகிறது.

மண்குளவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மஞ்சளும் கறுப்புமாக, இடுப்பு நூல் மாதிரி இருக்கும் ஒரு வகைக்கு 1781-இல் பெயர் வைத்தபோது, அந்த அறிவியல் பெயரிலேயே மதராஸ்பட்டினத்தைச் சேர்த்துவிட்டார்கள். சுவரில் மண்ணைப் பூசும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள், ‘ஙீ’ என்று ஒரு ரீங்காரம் வரும். ஒருமுறை பைப் வாயை அடைத்திருந்த கூட்டை உடைத்தேன். ஒவ்வொரு அறையிலும் பத்துப் பன்னிரண்டு குட்டிச் சிலந்திகள், நெருக்கி அடைத்து வைத்தது போல. சாகவில்லை. தொட்டால் கால் லேசாகத் துடித்தது. கொட்டி மயக்கிப் போட்டு, மேலே முட்டையிட்டு மூடிவிடுகிறது. கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்குகிறது என்று நம் பெரியவர்கள் சொன்னது இது மாதிரி எதையாவது பார்த்துத்தான் இருக்கும். இந்தக் குளவி கூட்டைக் காவல் காப்பதில்லை, பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டுவதும் அபூர்வம். வீட்டில் கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று எங்கள் அம்மா கலைக்கவே விடமாட்டார். நானும் விட்டுவிடச் சொல்வேன். பிளக் ஓட்டை, பைப் வாய், ஏசி தண்ணீர்க் குழாய் ஆகியவற்றில் கட்டினால் மட்டும், மெயினை ஆஃப் செய்து சுரண்டி எடுத்து, வேண்டாத ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள்.

காகிதக் கூடு வேறு விஷயம். அது குடும்பமாக இருந்து காவல் காக்கும். நம் பக்கம் வருஷம் முழுக்கக் கட்டும். ஆள் புழங்காத உயரத்தில், சன்ஷேடுக்கு மேல் இருந்தால் விடுங்கள். செடியில் புழுவைத் தின்று தீர்ப்பது அதுதான். வாசல், துணி காயும் கொடி, பிள்ளைகள் கை எட்டும் ஜன்னல் என்றால் எடுத்தாக வேண்டும். பத்து அறைக்குள், ஒன்றிரண்டு குளவி மட்டும் இருக்கும்போதே எடுங்கள். பொழுது சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை, பேன்ட், முகத்துக்குத் துணி. சோப்புத் தண்ணீரைத் தள்ளி நின்று பீச்சி, நீளக் கம்பால் கூட்டைத் தட்டிவிட்டு, ஒட்டியிருந்த காம்பையும் சுரண்டுங்கள். ஏணி வேண்டாம். டார்ச் அடித்தால் வெளிச்சத்தை நோக்கி வரும், அதனால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள்.

மீட்டர் பாக்ஸ், சுவிட்ச் போர்டு பக்கம் தண்ணீரும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம், தீப்பந்தமும் வேண்டவே வேண்டாம். மெயினை ஆஃப் செய்தாலும் மீட்டர் வரைக்கும் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். மின்வாரிய ஆளை வரச்சொல்லி, சப்ளையை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

தென்னை, பனை, மரப்பொந்துப் பக்கம் பெருவிரலில் பாதி அளவில், கறுத்த உடம்பில் அகலமாக ஒரே மஞ்சள் பட்டையோடு பறந்தால் அது கதண்டு. அதற்கு வைத்தியம் நாம் இல்லை. 101-க்கு அடித்தால் தீயணைப்புத் துறையினர் வந்து பார்ப்பார்கள். அதுவரை மரத்தடியில் யாரையும் விடாதீர்கள். தேங்காய் பறிக்க ஏறுகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கொட்டிவிட்டால் கையை வீசாமல் அந்த இடத்தை விட்டு வேகமாக நகருங்கள். அடித்து நசுக்கினால் அந்த வாடைக்கு மற்றவையும் வரும். தேனீ மாதிரி இது கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, ஒன்றே பல தடவை கொட்டும். அதனால் பிதுக்கித் தேட வேண்டாம். விரலில் கொட்டினால் வீங்கும் முன்னே மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் ஐஸ் கட்டி ஒத்தடம் கொடுங்கள். சுண்ணாம்பு பூசாதீர்கள். விஷம் தோலுக்கு அடியில் இருக்கிறது, சுண்ணாம்பு மேலே புண்ணாக்கும், அவ்வளவுதான்.

மூச்சு இரைத்தால், உதடோ நாக்கோ வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால், தலை சுற்றி வாந்தி வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108. ஒரே ஒரு கொட்டுக்கும் இப்படி ஆகலாம். வாய்க்குள், தொண்டையில் கொட்டினாலும் உடனே போகணும். நிறையக் கொட்டியிருந்தால் ஆள் தெம்பாக இருந்தாலும் மதுரை பெரியாஸ்பத்திரி மாதிரி பெரிய இடத்துக்குக் கூட்டிப்போங்கள். விஷம் பிந்திக்கூடச் சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் கறுத்துப் போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். எத்தனை கொட்டு, எத்தனை மணிக்கு என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

நோட்டில் கடைசியாக எழுதியது இது: ‘முள்ளிப்பள்ளம், மாடித் தண்ணீர்த் தொட்டி மூடிக்குக் கீழ், காலை 9.40, பத்து நிமிஷத்தில் உள்ளே 4, வெளியே 3.’ மோட்டார் சென்சார் மாட்டும் வேலை அங்கே பாக்கி இருக்கிறது. வீட்டுக்காரரிடம் தொட்டி மூடியைத் தொடாதீர்கள் என்று சொல்லி வந்திருக்கிறேன். நாளைக் காலையும் அதே நேரத்துக்குப் போய் எண்ணிப் பார்க்கணும்.