கோல்ஃப் வண்டியில் ஆயில் கசிந்தால்: பேக்கிங் மாற்றும் முன்னும் மாற்றும்போதும்

பெங்களூரில் அபார்ட்மெண்ட், ஐடி வளாகம் என்று எங்கே பார்த்தாலும் ஓடுகிற கோல்ஃப் வண்டிகள் பெரும்பாலும் பேட்டரி வண்டிகள்தான், எஞ்சின் பேக்கிங் (இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் ஆயில் கசியாமல் வைக்கிற தகடு, கேஸ்கெட்) என்ற கவலையே அவற்றுக்கு இல்லை. ஆனால் ரிசார்ட், பண்ணை வீடு என்று கைமாறிக் கைமாறி வந்த பழைய பெட்ரோல் வண்டிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. தேவனஹள்ளி பக்கம் என் மச்சான் பார்த்துக்கொள்கிற தோட்டத்தில் அப்படி ஒன்று. அதன் சைடு கவர் (எஞ்சினின் பக்கவாட்டு மூடி) பேக்கிங்கை 4 மாதத்தில் 2 முறை மாற்றினேன், அதாவது 2 முறை எஞ்சினையே வெளியே இறக்கினேன். மறுபடியும் ஒழுகியது. மூன்றாவது முறை அல்சூரில் எனக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக்கைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். மனிதர் ஸ்பானரைத் தொடவே இல்லை, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது ஆயிலா பெட்ரோலா?" என்றார்.

கார்புரேட்டரில் பெட்ரோல் வரவை அடைக்கிற ஃப்ளோட் ஊசி சரியாக மூடாமல், வண்டி நிற்கும்போதெல்லாம் பெட்ரோல் மெதுவாக சிலிண்டருக்குள் இறங்கி ஆயிலோடு சேர்ந்திருக்கிறது. ஆயில் அளவு ஏறும், தண்ணீர் மாதிரி ஆகும், உள்ளே அழுத்தம் கூடும், எந்த மூட்டு பலவீனமோ அங்கே பீறிக்கொண்டு வரும். வேக்யூம் ஃபியூயல் பம்ப்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) கிழிந்தாலும் இதே கதைதான். எஞ்சின் உள்ளே சேரும் காற்றை வெளியே விடுகிற ப்ரீதர் குழாய் அடைத்துக்கொண்டால் பெட்ரோல் வாடை இருக்காது, ஆனால் அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் அதே வேலையைச் செய்யும். அதனால் எதையும் கழற்றுவதற்கு முன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், மோந்து பாருங்கள், ப்ரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். 5 நிமிட வேலை.

அடுத்து, ஒழுகுவது எங்கே என்று உறுதி செய்யுங்கள். இந்த எஞ்சின்களைக் குளிர்விக்க ஃப்ளைவீல் விசிறி காற்றை அடித்துக்கொண்டே இருக்கும், அது ஆயிலையும் இழுத்துக்கொண்டு போய் எங்கேயோ பூசிவிடும், மேலே ராக்கர் கவரில் (வால்வுகளுக்கு மேலே இருக்கும் மூடி) கசிவது கீழே சைடு கவரில் சொட்டும். எஞ்சின் ஆறியதும் டிகிரீஸர் போட்டுக் கழுவிக் காயவைத்து, சந்தேகமான மூட்டுகளில் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி, வளாகத்துக்குள் 10 நிமிடம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் எங்கே முதலில் நனைந்திருக்கிறதோ அதுதான் இடம்.

ஹெட் (சிலிண்டரின் மேல் மூடி) பேக்கிங் போயிருந்தால் அறிகுறி வேறு. காரில் போல ஆயில் மோர் நிறமாக மாறும் என்று காத்திருக்காதீர்கள், இதில் கூலண்ட்டே கிடையாது. ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடத்தில் கறுப்புக் கோடு, 'புஸ் புஸ்' என்ற சத்தம், மேட்டில் ஏறத் திணறுவது, இவைதான். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்று கொடுத்து, சுற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். காற்று கொடுக்கும்போது கிராங்க் (பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் தண்டு) சட்டென்று சுழலலாம், கை ஜாக்கிரதை.

இந்த வண்டிகளில் ஒரு ஆபத்து இருக்கிறது. பெரும்பாலானவற்றில் தனியாக ஸ்டார்ட் பட்டன் கிடையாது, பெடலை மிதித்தாலே ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர் எஞ்சினைச் சுழற்றிவிடும். நீங்கள் சீட்டைத் தூக்கிவிட்டு உள்ளே கையை வைத்திருக்கும்போது ஒரு பையன் ஏறி விளையாடினால் முடிந்தது கதை. பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள், பிளக் கேப்பை உருவுங்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

பேக்கிங் வாங்க, வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போய் "கோல்ஃப் கார்ட்" என்று கேட்டேன், கடைக்காரர் கன்னடத்தில் "யாவ காடி?" (எந்த வண்டி?) என்று 3 தடவை கேட்டுவிட்டுச் சிரித்தார். வண்டிப் பெயரைச் சொல்லாதீர்கள், எஞ்சின் மேல் இருக்கும் தகட்டைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள். கிளப் கார் பழைய வண்டிகளில் நிறைய வந்தது கவாஸாகி எஃப்.இ.290, ஒற்றை சிலிண்டர், 286 சிசி. ஈ-இசட்-கோ வண்டிகளில் ராபின் 295 சிசி இரட்டை சிலிண்டர். எஞ்சின் மாடல் தெரிந்தால் கிட்டை ஆன்லைனிலாவது வரவழைக்கலாம்.

கிடைக்கவில்லை என்றால் பேக்கிங் ஷீட் வாங்கி வெட்டிக்கொள்ளலாம். கவர் விளிம்பில் கிரீஸ் தடவி ஷீட்டில் அச்சு எடுத்து, துளைகளைப் பஞ்ச் வைத்துப் போட்டு, அப்புறம் வெளி விளிம்பை வெட்டுங்கள். ஆனால் சைடு கவருக்கு இதில் ஒரு சிக்கல்: பல சின்ன எஞ்சின்களில் கிராங்க்கின் பக்கவாட்டு ஆட்டத்தை அந்தப் பேக்கிங்கின் தடிமன்தான் தீர்மானிக்கிறது. பழையதை வெர்னியரில் அளந்து அதே தடிமனில் வாங்குங்கள். "பேக்கிங்கே வேண்டாம் சார், அனபாண்ட் போட்டுவிடலாம்" என்று யாராவது சிலிக்கான் பசையைச் சொன்னால் இந்த இடத்தில் மட்டும் தலையாட்டாதீர்கள். ஹெட்டுக்கு சிலிக்கான் என்ற பேச்சே வேண்டாம், ஒரு வாரம் கூடத் தாங்காது.

கவரைக் கழற்றும்போது ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே புது ஒழுக்கு. ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் தானே விட்டுக்கொடுக்கும். வெளியே வரும்போது கிராங்க் முனையில் இருக்கும் மெல்லிய ஷிம் (இடைவெளி சரிசெய்யும் வளையத் தகடு) கவரோடு ஒட்டிக்கொண்டு வந்து ஆயிலில் விழுந்துவிடும், நான் அரைமணி நேரம் தட்டில் துழாவியிருக்கிறேன். வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டும் சேர்ந்து நகர்ந்தால் டைமிங் குறிகள் நேராக இருக்கின்றனவா என்று மூடுவதற்கு முன் பாருங்கள். இவ்வளவு தூரம் திறந்தபின் கிராங்க்கைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது கிராங்க்கின் சாவிப் பள்ளத்தின் மேல் டேப் சுற்றினால் சீல் உதடு கிழியாது.

சுத்தம் செய்வதில்தான் பாதி நாள் போக வேண்டும், போகவில்லை என்றால் அவசரப்பட்டிருக்கிறீர்கள். பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, அதனால் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், ஆயில் ஊற்றி ஊறவைத்து பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி உரசுவது பார்க்க வேகமாகத்தான் இருக்கும், ஆனால் பேக்கிங் உட்காரும் உலோகப் பரப்பை அலை அலையாக்கிவிடும். கடைசியில் பிரேக் கிளீனர் அடித்து, வெள்ளைத் துணியில் கறை வராத வரை துடையுங்கள். ஹெட் என்றால் நேர்ப்பட்டையும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பாருங்கள், இந்த அளவு எஞ்சினில் 0.05 மி.மீ. தகடு நுழைந்தாலே எனக்கு சந்தேகம் வந்துவிடும். கண்ணாடிப் பலகையில் 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, தண்ணீர் விட்டு எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்து சமன் செய்யலாம்.

பேக்கிங் இல்லாமல் சிலிக்கானால் மூடுகிற கவர் என்றால் 2 அல்லது 3 மி.மீ. கோடு போதும், போல்ட் துளைக்கு உட்பக்கமாகச் சுற்றி வாருங்கள். உள்ளே பிதுங்குவது ஆயில் வழியில் போய் உட்காரும். இது காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், அதனால் மழைக்காலம் நல்லது. அவசரம் என்றாலும் 24 மணி நேரம் விடுங்கள்.

போல்ட்டை எதிரெதிராக, 3 சுற்றில் முறுக்குங்கள். அளவு எஞ்சின் மேனுவலில் இருக்கும். கவரில் இருக்கும் 6 மி.மீ. போல்ட் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் கேட்காது. நீளமான ஸ்பானரை வைத்து மூச்சைப் பிடித்து முறுக்குகிற ஆளிடம் கொடுத்தால் மரை போய், அதற்குப் பதில் ஹெலிகாயில் (புது மரைக்கான கம்பிச் சுருள்) போடும் செலவு தனி.

டிரைவ் பெல்ட்டில் ஆயில் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், ஊறிப்போயிருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் புது ஆயில் ஊற்றி, ஓட்டிவிட்டு, ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் இரவு முழுக்க விரித்து வையுங்கள். ஃப்ளோட் ஊசியையும் மாற்றி முடித்த அந்த மூன்றாவது முறை, காலையில் எங்கள் அட்டையில் ஒரே ஒரு பொட்டு இருந்தது. மச்சான் என்னை முறைத்தான். குனிந்து பார்த்தால் டிரெய்ன் பிளக், நசுங்கிப்போன பழைய வாஷரையே திரும்பப் போட்டிருந்தேன்.