தெரிந்த இடியம் எல்லாம் பேச்சில் வருமா?

சில வருடங்களுக்கு முன் போனில் ஓர் ஆங்கிலேயரிடம், வெளியே 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று சொன்னேன். மழை கொட்டுகிறது என்பதற்கான இடியம், அதாவது மரபுத்தொடர். பள்ளியில் மனப்பாடம் செய்தது, மழை வந்ததும் வாயில் வந்துவிட்டது. அவர் சிரித்தார். "எங்கள் பாட்டி அப்படிச் சொல்வார்" என்றார். அவருக்கு அர்த்தம் புரியாமல் இல்லை. ஆனால் அவர் வாயில் அது வராது. 'இட்ஸ் போரிங் டவுன்' என்பார். (தமிழில் எழுதினால் அலுப்பு மாதிரி தெரிகிறது, இது கொட்டுகிற போரிங்.)

நாம் செய்கிற முதல் தவறு இதுதான்: எல்லோருக்கும் தெரிந்த தொடரை எல்லோரும் பேசுகிற தொடர் என்று நினைத்துக்கொள்வது. இந்தப் பூனை நாய் மழையே நல்ல உதாரணம். 1738இல் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் மேட்டுக்குடியினரின் அரைத்த மாவுப் பேச்சைக் கிண்டல் செய்து ஓர் உரையாடல் நூல் எழுதினார். அதில் ஒரு பாத்திரம் இதைச் சொல்கிறது. கிண்டலுக்குப் பொருத்தமாக இருக்கும் அளவுக்கு அது அன்றைக்கே தேய்ந்திருந்தது!

எவ்வளவு அரிது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ரோசமண்ட் மூன் என்ற மொழியியலாளர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அவர் பட்டியலிட்ட ஆங்கில மரபுத்தொடர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை 10 இலட்சம் சொற்களுக்கு ஒரு தடவைகூடத் தேறவில்லை. 2007இல் மாணவர்களை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வின்படி, ஒருவர் நாளுக்குச் சுமார் 16,000 சொற்கள் பேசுகிறார். அப்படியானால் 10 இலட்சம் சொற்கள் பேசி முடிக்க இரண்டு மாதம் ஆகும். மூன் ஆராய்ந்தது பெரும்பாலும் எழுத்து என்பதால் பேச்சுக்கு அப்படியே பொருத்த முடியாது, ஆனாலும் ஒரு குத்துமதிப்புக்கு ஆகும். நாமோ ஒரே மின்னஞ்சலில் மூன்றைத் திணித்துவிடுகிறோம்.

சரி, கூகுளில் தேடிப் பார்க்கலாமே என்பார்கள். அடுத்த தவறு அங்கே இருக்கிறது. வந்து விழும் பக்கங்களில் பல அந்த இடியத்துக்கு அர்த்தம் சொல்லித்தருகிற பக்கங்களாகவே இருக்கும். கற்பிக்கிறவர்கள் அதிகம் என்பதால் பேசுகிறவர்களும் அதிகம் என்று ஆகிவிடாது. ஒரு சொல் எவ்வளவு புழங்குகிறது என்று காட்டும் கூகுள் என்கிராம் வரைபடமும் அச்சான புத்தகங்களை எண்ணுகிறதே தவிர, பேச்சை அல்ல. பேச்சு வேண்டுமென்றால் பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் போன்ற மொழித் தொகுப்பில், பேச்சுப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேட வேண்டும். அதன் 10 கோடி சொற்களில் ஏறக்குறைய ஒரு கோடி, பேச்சைப் பதிவுசெய்து எழுதியவை. எத்தனை தடவை வருகிறது என்பதோடு, யார் யாரிடம் சொல்கிறார்கள் என்றும் பாருங்கள்.

ஏனென்றால் ஆள் பார்த்துப் பேசுவதில்தான் மானம் போகும். 'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோதல் என்று இடியம் பட்டியல்கள் ஒரே வரியில் முடித்துவிடும். அது நம் 'மண்டையைப் போட்டார்' ரகம். 1785இல் பிரான்சிஸ் குரோஸ் அதைச் சேர்த்ததே கொச்சைச் சொல் அகராதியில்தான். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் "உங்கள் அப்பா எப்போது மண்டையைப் போட்டார்?" என்று கேட்போமா?

இதையெல்லாம் படித்துவிட்டு இடியமே வேண்டாம் என்று ஒதுங்குவதும் தவறுதான். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அன்றாடம் சொல்பவை கண்ணில் படாத அளவுக்குச் சாதாரணமானவை. 'மேக்ஸ் சென்ஸ்' (சரியாகத்தான் படுகிறது), 'அட் த எண்ட் ஆஃப் த டே' (கடைசியில் பார்த்தால்), 'ஆன் த அதர் ஹேண்ட்' (மறுபக்கம் பார்த்தால்) எல்லாம் அந்த வகை. பூனை, நாய், வாளி எதுவும் இல்லாததால் பட்டியல் போடுகிறவர்களுக்கு இவற்றில் சுவாரசியம் இல்லை. காது கொடுத்துக் கேட்டால்தான் கிடைக்கும்.

அப்புறம், பழமொழியை முழுசாகச் சொல்லி முடிக்கிற பழக்கம். 'ரோமில் இருக்கும்போது ரோமானியர் போல நட' என்ற ஆங்கிலப் பழமொழியை 'வென் இன் ரோம்' என்று தொடங்குகிறவர் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுவார். மிச்சத்தையும் ஒப்பித்தால் பாடம் படிப்பது போல இருக்கும். நாமும் "ஆழம் தெரியாமல்..." என்று இழுத்தாலே போதும், எதிரில் இருப்பவர் காலைப் பின்னால் எடுத்துவிடுகிறார்.