குஜராத்தி திதிக் காலண்டரைப் பார்த்து விரதம் இருப்பது எப்படி

குஜராத்தி வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களும் அகமதாபாத், சூரத் பக்கம் குடியேறியவர்களும் முதல் வருடம் தவறாமல் குழம்பும் இடம் ஒன்றுதான். நம் காலண்டரில் மாதம் சூரியனை வைத்துப் பிறக்கிறது. அங்கே சந்திரனை வைத்து. அமாவாசை முடிந்த மறுநாள் மாதப் பிறப்பு, அடுத்த அமாவாசையோடு மாதம் தீரும். முதல் பாதி வளர்பிறை, அதற்கு ‘சுத்’ என்று பெயர். இரண்டாம் பாதி தேய்பிறை, ‘வத்’. எந்தப் பண்டிகையையும் மாதம், சுத் அல்லது வத், திதி என்ற மூன்று சொல்லில்தான் சொல்வார்கள். “ஷ்ராவண் வத் ஆடம்” என்றால் ஷ்ராவண மாதத் தேய்பிறை அஷ்டமி, அதாவது ஜன்மாஷ்டமி.

திதிகளின் பேச்சுப் பெயர்களை முதலில் மனப்பாடம் செய்துவிடுங்கள்: ஏகம் (பட்வோ என்றும் சொல்வார்கள்), பீஜ், த்ரீஜ், சோத், பாஞ்சம், சட், சாதம், ஆடம், நோம், தசம், அகியாரஸ், பாரஸ், தேரஸ், சௌதஸ். பதினைந்தாவது சுத்தில் பூனம், வத்தில் அமாஸ். சாதம் என்று காதில் விழுந்தால் சோறு என்று நினைக்க வேண்டாம், அது சப்தமி.

மாதங்கள் கார்த்தக், மாக்ஷர், போஷ், மஹா, ஃபாகண், சைத்ர, வைஷாக், ஜேட், அஷாட், ஷ்ராவண், பாதர்வோ, ஆஸோ. இவற்றை நம் மாதங்களோடு பொருத்த எளிய வழி உண்டு. ஆவணி முதல் தேதி எந்தச் சந்திர மாதத்துக்குள் விழுகிறதோ, அதுதான் ஷ்ராவண். இதேபோல் சித்திரை 1 விழுவது சைத்ர, ஆடி 1 விழுவது அஷாட், ஐப்பசி 1 விழுவது ஆஸோ, கார்த்திகை 1 விழுவது கார்த்தக். சூரியன் ராசி மாறாமலே ஒரு சந்திர மாதம் முழுக்க ஓடிவிட்டால் அது ‘அதிக் மாஸ்’, புருஷோத்தம மாதம். ஏறக்குறைய முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது வரும். 2026-இல் மே 17 முதல் ஜூன் 15 வரை அதிக ஜேட். முதலில் அதிக மாதம், அதன் பிறகுதான் உண்மையான ஜேட். பண்டிகைகளையும் வருடாந்தர விரதங்களையும் இந்த இரண்டாவது மாதத்தில் வைக்க வேண்டும். அதிக மாதம் இல்லாத வருடத்தில் பண்டிகைகள் போன வருடத்தை விடப் பதினொரு நாள் போல முன்னதாக வரும். இருக்கும் வருடத்தில் பத்தொன்பது நாள் போலப் பின்தள்ளிப் போகும். 2025-இல் அக்டோபர் 20-ஆம் தேதி வந்த தீபாவளி 2026-இல் நவம்பர் 8-க்குப் போவது இதனால்தான்.

வட இந்தியப் பஞ்சாங்கத்தையோ அங்கே தயாரான கைப்பேசிச் செயலியையோ பார்த்து விரதம் குறித்தால் பதினைந்து நாள் பிசகும். அங்கே மாதம் பௌர்ணமியில் முடிகிறது. சுத் பாதியில் இரண்டுக்கும் பெயர் ஒன்றே. வத் பாதியில் அவர்கள் அடுத்த மாதத்தின் பெயரைச் சொல்வார்கள். குஜராத்தின் மஹா வத் சௌதஸ் அவர்களுக்குப் பால்குன கிருஷ்ண சதுர்தசி, ஆனால் சிவராத்திரி இரு இடத்திலும் ஒரே இரவுதான். உண்மையிலேயே வேறுபடுவது ஷ்ராவண மாதத் திங்கட்கிழமை விரதம். வடக்கே தொடங்கி இரண்டு வாரம் கழித்துத்தான் குஜராத்தில் தொடங்கும். செயலியில் ‘அமாந்த’ (அமாவாசையில் மாதம் முடியும் கணக்கு) என்ற அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

வருடக் கணக்கு விக்ரம் சம்வத். புத்தாண்டு கார்த்தக் சுத் ஏகம் அன்று பிறக்கிறது, பெயர் ‘பேஸ்து வரஸ்’. ஆங்கில வருடத்தோடு ஜனவரி முதல் தீபாவளி வரை 56-ஐயும், புத்தாண்டு முதல் டிசம்பர் வரை 57-ஐயும் கூட்டினால் சம்வத் கிடைக்கும். 2025 அக்டோபர் 22 அன்று பிறந்தது 2082. வடக்கே இதே சம்வத் சைத்ரத்திலேயே மாறிவிடுவதால், சைத்ரம் முதல் தீபாவளி வரை அவர்கள் எண் ஒன்று கூடுதலாக இருக்கும். கட்ச் மக்களுக்கோ புத்தாண்டு அஷாட் சுத் பீஜ். அகமதாபாத் ரத யாத்திரையும் அன்றே.

அடுத்தது, எந்தத் தேதியில் விரதம் இருப்பது என்ற கேள்வி. ஒரு திதி பத்தொன்பது மணி நேரமும் இருக்கும், இருபத்தாறு மணி நேரமும் இருக்கும். நம் தேதியோடு ஒட்டாது. பொது விதி, சூரிய உதயத்தில் இருக்கும் திதியே அந்த நாளின் திதி. இரண்டு உதயத்தைத் தொட்டால் அந்தத் திதி காலண்டரில் இரண்டு நாள் அச்சாகும். எந்த உதயத்தையும் தொடாவிட்டால் காணாமலே போகும். அது அச்சுப் பிழை அல்ல.

இதற்கு விலக்கு உண்டு. ஜன்மாஷ்டமிக்கும் சிவராத்திரிக்கும் நள்ளிரவில் இருக்கும் திதியைப் பார்ப்பார்கள், விநாயக சதுர்த்திக்கும் ராம நவமிக்கும் நடுப்பகல், சங்கடஹர சதுர்த்திக்கு நிலவு உதிக்கும் நேரம், தீபாவளி லட்சுமி பூஜைக்கு அந்தி. 2025 தீபாவளியையே பாருங்கள். அமாஸ் அக்டோபர் 20 பிற்பகலில் தொடங்கி 21 மாலையில் முடிந்தது. லட்சுமி பூஜை பெரும்பாலான வீடுகளில் 20 இரவு. புத்தாண்டுக்கோ உதயத்தில் ஏகம் வேண்டும், அது 22 காலையில்தான் கிடைத்தது. இடையில் 21 எதிலும் சேராமல் நின்றது. இப்படி விழும் நாளுக்கு ‘தோகோ’, ‘படதர் திவஸ்’ என்று பெயர். வாழ்த்துச் சொல்லப் படியேறும் முன் அன்று தோகோவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உதயம் ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. அகமதாபாத்தில் சூரியன் சென்னையை விடக் கோடையில் பத்துப் பதினைந்து நிமிடமும் குளிர்காலத்தில் முக்கால் மணி நேரமும் தாமதமாக உதிக்கும். அதற்குள் திதி மாறினால் இரண்டு ஊருக்கும் நாள் வேறு. நீங்கள் இருக்கும் ஊரின் உதயமே உங்களுக்குக் கணக்கு.

விரதத்தில் என்ன சாப்பிடலாம் என்பதில்தான் தமிழர்கள் அதிகம் தவறுகிறோம். நம் வீடுகளில் சோற்றைத் தவிர்த்து ரவை உப்புமாவோ இட்லியோ சாப்பிட்டால் விரதம் என்பது வழக்கம். அங்கே கோதுமையும் தானியம், ரவையும் கோதுமைதான், அவலும் அரிசிதான். ‘ஃபராளி’ என்றால் ஜவ்வரிசி, குதிரைவாலி (மொரையோ அல்லது சாமோ), தண்டுக்கீரை விதை மாவு (ராஜ்கரோ), சிங்காரக் கொட்டை மாவு, உருளை, சர்க்கரைவள்ளி, சேனை, வேர்க்கடலை, பால், தயிர், பழம். குதிரைவாலி நமக்குத் தானியம், அவர்களுக்கு விரத உணவு. சாதா உப்புக்குப் பதில் இந்துப்பு. கட்டிப் பெருங்காயமும் தூளும் பெரும்பாலும் மைதா கலந்தவை, அதனால் தாளிப்பில் சீரகமும் பச்சை மிளகாயும் மட்டும் போதும். மஞ்சள், கடுகு, கொத்தமல்லி வீட்டுக்கு வீடு மாறும். மாமியாரிடம் கேட்டுக்கொள்வதே சரி. விரதத்திலும் தரம் உண்டு: எதுவுமே உண்ணாதது ‘நகோர்டோ’, ஒரு வேளை உண்பது ‘ஏக்டாணு’, உப்பில்லாதது ‘அலூணு’ அல்லது ‘மோளு’. எதை வேண்டிக்கொண்டோம் என்று முதலிலேயே தெளிவாக இருக்கட்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் நகோர்டோ பக்கம் போக வேண்டாம்.

ஜவ்வரிசி கிச்சடி களியாகிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஊறவைத்த தண்ணீர். நைலான் ஜவ்வரிசி இதற்கு உதவாது, வெள்ளை மாவு ஜவ்வரிசியே வேண்டும். ஒரு கப்பை மூன்று நான்கு முறை, கழுவிய நீர் தெளியும் வரை அலசுங்கள். பிறகு ஜவ்வரிசியின் மட்டத்துக்கு மட்டும் நீர் விட்டு ஐந்தாறு மணி நேரம் மூடி வைத்தால், ஒன்றை விரலிடை நசுக்கும்போது நடுவில் நறநறக்காமல் மசியும். அரை கப் வேர்க்கடலையை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்து, வாணலியில் போடும் முன்பே ஜவ்வரிசியோடு பிசறிவிடுங்கள். ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். மூடி போட்டு வேகவைத்தால் ஆவி இறங்கி ஒட்டும். மணிகள் கண்ணாடி போல் ஆனதும் இறக்கிவிட வேண்டும். ராஜ்கரோ மாவில் பசைத்தன்மை இல்லாததால் பூரி விண்டுபோகும்; ஒரு கப் மாவுக்கு ஒரு நடுத்தர உருளையை வேகவைத்து மசித்துச் சேர்த்தால் பிடிக்கும்.

வருடத்தில் கவனம் அதிகம் வேண்டியது ஷ்ராவண் வத் வாரம். சோத் அன்று ‘போள் சோத்’, பசுவும் கன்றும் வழிபாடு. கோதுமை இல்லை, பசும்பால் இல்லை, கத்தியால் நறுக்கியது இல்லை. கம்பு ரொட்டியும் முழுப் பச்சைப்பயறும் உணவு. மறுநாள் நாக் பாஞ்சம். பிற மாநிலங்களில் பலரும் இதைச் சுத் பஞ்சமியிலேயே கொண்டாடி முடித்திருப்பார்கள்.

அதன் மறுநாள் ‘ராந்தண் சட்’, சமைக்கும் சஷ்டி. அடுத்த நாள் சீதளா சாதம் அன்று அடுப்பே மூட்டக் கூடாது, தேநீருக்குக் கூட. ஆகவே இரண்டு நாள் உணவையும் சட் அன்றே முடிக்க வேண்டும். ஆவணி மழை ஈரத்தில் உணவு கெடுவதுதான் இங்கே பெரிய பிரச்சினை. தேப்லா (மசாலா சேர்த்த சப்பாத்தி) மாவை நீருக்குப் பதில் தயிரும், கப்புக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் விட்டுப் பிசைந்தால் மறுநாளும் மெத்தென்று இருக்கும். சுட்டதை ஒன்றன்மேல் ஒன்று சூடாக அடுக்கினால் நீர் கோத்து இரவிலேயே வாடை வந்துவிடும். துணியில் பரப்பி முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். பூரி, தேபரா (கம்பு மாவு ரொட்டி), சுக்டி (கோதுமை மாவு, வெல்லம், நெய் சேர்ந்த இனிப்பு) நன்றாகத் தாங்கும். தேங்காய் அரைத்தது, வெங்காயம் போட்டது, குழம்பாக இருப்பது தாங்காது. கம்பு மாவும் வெல்லமும் நெய்யும் பிசைந்த ‘கூலேர்’ அடுப்பே ஏறாத பிரசாதம், அதை அன்றே பிசையலாம். சட் இரவு அடுப்பைத் துடைத்து, ஆறவிட்டு, குங்குமம் இட்டு வணங்குவார்கள். சீதளா மா இரவில் வந்து அடுப்பில் புரள்வாள், அது சுட்டால் அவள் உடல் எரியும் என்பது நம்பிக்கை. அதனால் சமையலை மாலைக்குள் முடித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பூரி பொரித்தால் அடுப்பு ஆறாது. ஆடம் அன்று நள்ளிரவு வரை ஃபராளி, நோம் காலையில் பார்ணா, அதாவது விரதம் முடித்து உண்பது.

ஏகாதசிப் பார்ணாவில் அவசரம் ஒன்று உண்டு: பாரஸ் முடிவதற்குள் உணவு உண்டாக வேண்டும், ஆனால் அதன் முதல் கால் பங்கு கழிந்திருக்க வேண்டும். சில மாதங்களில் உதயத்துக்குப் பின் பாரஸ் ஒரு மணி நேரம் கூட இருக்காது. முந்தின இரவே நேரத்தைக் குறித்து வையுங்கள். காலண்டரில் இரண்டு நாள் அகியாரஸ் கண்டால், முதலாவது பொதுவாக ஸ்மார்த்தருக்கு, இரண்டாவது வைஷ்ணவருக்கு. விடியலுக்கு முன் 96 நிமிடத்துக்குள் தசமி ஒட்டியிருந்தால் வைஷ்ணவர்கள் அந்த நாளை விட்டுவிடுவார்கள்.

வீட்டில் சிறுமி இருந்தால் அஷாட் சுத் அகியாரஸ் முதல் பூனம் வரை ஐந்து நாள் கௌரி விரதம், உப்பில்லா உணவு. இதற்கு ‘ஜவாரா’ முளைப்பாரி வேண்டும். விரதம் தொடங்க ஆறேழு நாள் முன்பே கோதுமையை ஓரிரவு ஊறவைத்து, மண்ணும் மக்கிய சாணமும் கலந்த சிறு சட்டியில் நெருக்கமாக விதைத்து, மேலே மெல்லிய மண் தூவுங்கள். நீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றினால் விதை அழுகும். தினமும் குங்குமமும், பஞ்சைத் திரித்துக் குங்குமத்தால் புள்ளி வைத்த ‘நாக்லா’ மாலையும் சாத்துவார்கள். கடைசி இரவு கண்விழித்து, விடிந்ததும் ஜவாராவை நீரில் விட்டபின் குழந்தைக்கு முதலில் உப்பிட்ட உணவைக் கொஞ்சமாகக் கொடுங்கள்.