பாஸ்கா இரவில் நடு அப்பத்தை உடைத்து ஒளிக்கும் முறை

பாஸ்கா பண்டிகையின் முதல் இரவில் யூத வீடுகளில் நடைபெறும் செடர் என்னும் விருந்து 15 படிகளைக் கொண்டது. நான்காம் படியில் ஓர் அப்பம் உடைக்கப்படுகிறது. பன்னிரண்டாம் படியில் அதன் ஒளித்துவைத்த பகுதி உண்ணப்படுகிறது. எகிப்திலிருந்து விடுதலை பெற்ற வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையில்தான் சொல்லப்படுவதால், முதன்முறையாக விருந்தை நடத்துபவர் இந்தச் சிறு செயலை அவசரமாக முடித்துவிடக் கூடாது.

மாவில் நீர் சேர்ந்த 18 நிமிடங்களுக்குள் சுட்டெடுக்கப்படும் மட்சா என்னும் புளிப்பில்லாத அப்பங்களில் விரிசல் இல்லாத மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் துணியால் மூடிவையுங்கள். முதல் கிண்ணத் திராட்சரசத்தை ஆசி கூறி அருந்தி, கைகழுவி, கீரையை உப்புநீரில் தோய்த்து உண்ட பிறகு, நடுவிலுள்ள அப்பத்தை மட்டும் எடுத்து இரண்டாக உடையுங்கள். இதற்கென ஆசிமொழி எதுவும் இல்லை. பல வீடுகளில் பேசாமலேயே உடைப்பார்கள். மொராக்கோ யூதர்களோ, இறைவன் கடலைப் பிளந்ததை நினைவுகூரும் வாசகத்தைத் தங்கள் யூத அரபு மொழியில் சொல்லியபடி உடைப்பார்கள். சரிபாதியாக உடைக்க முயல வேண்டாம். மட்சா அதற்கு இணங்காது, இணங்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரு துண்டு பெரிதாக இருந்தால் போதும்.

சிறிய துண்டை இரு முழு அப்பங்களுக்கும் நடுவே திரும்ப வையுங்கள். மட்சாவை விவிலியத்தின் உபாகமம் என்னும் நூல் 'சிறுமையின் அப்பம்' என்கிறது. ஏழைக்கு வாய்ப்பது முழு அப்பமன்று, துண்டே என்று யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத் அதை விளக்குகிறது. ஆகவே வரலாறு தொடங்கும்போது கண்முன் இருக்க வேண்டியது உடைந்த அப்பம்தான். அதைக் காட்டியே, "பசித்தோர் அனைவரும் வந்து உண்ணட்டும்" என்ற அழைப்பு அரமேயம் என்னும் பழைய மொழியில் விடுக்கப்படுகிறது. முழு அப்பம் வைத்திருப்பவரின் அழைப்பைவிடத் துண்டை மட்டும் வைத்திருப்பவரின் அழைப்புக்கு வலு அதிகம் என்பதால், இந்த வரிசை எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. பத்துக் கட்டளைகள் பொறித்த, மோசே உடைத்த கற்பலகைகளும் முழுப் பலகைகளோடு ஒரே உடன்படிக்கைப் பேழைக்குள் வைக்கப்பட்டிருந்தன என்று அதே தல்மூத் கூறுவதைப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் சொல்லலாம்.

பெரிய துண்டுக்கு அபிகோமன் என்று பெயர். அதைத் துணியில் சுற்றி வீட்டுக்குள் ஒளித்துவையுங்கள். சில வீடுகளில் பெரியவர் ஒளிக்கப் பிள்ளைகள் தேடுவார்கள். மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களின் வீடுகள் பலவற்றில் பிள்ளைகளே அதைக் களவாடி, பரிசு கேட்டுப் பேரம் பேசுவார்கள். பண்டிகை நாளில் பணத்தைக் கையாளலாகாது என்பதால், வாக்கு மட்டும் கொடுத்துப் பரிசைப் பிறகு கொடுங்கள். பிள்ளைகளை விழித்திருக்கச் செய்வதே இவ்விளையாட்டின் நோக்கம். அவர்களின் கைக்கு எட்டும் இடமே போதும். ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செபார்டி யூதக் குடும்பங்கள் சிலவற்றில், எகிப்தைவிட்டுப் புறப்பட்டவர்களைப்போல் அந்தத் துணிமூட்டையைத் தோளில் சுமப்பதும் உண்டு.

உணவு முடிந்ததும் அபிகோமனை நள்ளிரவுக்குள் உண்டுவிட வேண்டும். நள்ளிரவு என்பது கடிகாரத்தின் 12 மணி அன்று, இரவின் நடுப்பொழுது. அதன்பின் வேறெதையும் உண்ணக் கூடாது என்றாலும், விருந்துக்குரிய நான்கு கிண்ணங்களில் மீதமுள்ள இரு கிண்ணத் திராட்சரசத்துக்கும் தண்ணீருக்கும் தடையில்லை. ஒளித்த துண்டு கிடைக்காமலே போனால், செடருக்கெனப் புளிக்காமல் காத்துத் தயாரிக்கப்பட்ட வேறொரு மட்சாவில் ஆலிவ் பழ அளவேனும் எடுத்து உண்ணலாம். இஸ்ரேலுக்கு வெளியே வசிப்போர் பொதுவாக மறுநாள் இரவும் செடர் நடத்துவதால், இன்னும் மூன்று முழு அப்பங்களைத் தனியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.